முதல் கேமராவும் ஒன்பது கொத்துக் கலப்பையும்

போன ஞாயித்துக்கிழமை மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருக்கும்போது சென்னையிலிருந்து சித்தப்பா பையன் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"அண்ணா, முதல் தடவையா டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கலாம்னு இருக்கேன். முப்பதாயிரம் வச்சிருக்கேன். கேனானா, நிக்கானா?"

"எதைப்பா படம் எடுக்கப் போற?"

"அதெல்லாம் வாங்கினப்புறம் பார்த்துக்கலாம்ணா. நீங்க மாடல் மட்டும் சொல்லுங்க."

எங்க ஊர்ல ஒருத்தர் டிராக்டர் வாங்கப் போறாருன்னு வைங்க. "சேத்துழவா, புழுதி உழவா, டிப்பர் ஓட்டவா?"ன்னு கேட்டதுக்கு "வாங்கினப்புறம் பார்த்துக்கலாம்"னு அவர் சொன்னா, டீக்கடையில ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு. ஆனா கேமரா விஷயத்தில் படிச்ச பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் வாங்குறாங்க. எனக்கு இதில் ஒரு கருத்து இருக்கு. ஒரு வெள்ளாமைக்காரன் டிஎஸ்எல்ஆர் பற்றிப் பேசலாமான்னு கேட்காதீங்க. சொந்தக் காசு போட்டு வாங்கினவன் பேசலாம்.

முதல்ல நான் ஏன் வாங்கினேன்னு சொல்லிடறேன்.

அய்யன் தவறி நாலு வருஷமாச்சு. காரியத்தன்னிக்கு மாலை போட ஒரு படம் வேணும். வீடு முழுக்கத் தேடினோம். வாக்காளர் அட்டையில் ஒண்ணு, அதில் முகம் கரிக்கட்டை. இன்னொண்ணு, யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் மூணாவது வரிசையில் பாதி முகம் மறைஞ்சு நிக்கிறார். அதைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் கொடுத்தோம். அவசரத்தில் அவங்களும் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, மறைஞ்ச பாதியை எப்படியோ ஒப்பேத்தி, நீலக் கோட்டும் டையும் போட்ட ஒரு உடம்பில் ஒட்டிக் கொடுத்துட்டாங்க. நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சட்டை போட்ட மனுஷன் அவர். இன்னைக்கும் நடுவீட்டில் கோட்டு சூட்டோடு தொங்குறார். "யாரோ பேங்க் மேனேஜர் மாதிரி இருக்குது கண்ணு"ன்னு அம்மா சொல்லிட்டு, அந்தப் பக்கம் பார்க்கிறதையே விட்டுட்டாங்க.

அம்மாவுக்கு இப்போ எழுபத்தி நாலு. அவங்களையாவது ஒழுங்கா ஒரு படம் எடுத்து வைக்கணும்னு எனக்கு மனசுல ஒரு முள். "படம் எடுக்கலாம் வாங்க"ன்னா வர மாட்டாங்க. வந்தாலும் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைச்சு நிப்பாங்க. அவங்க அவங்களா இருக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான், மாட்டுக் கொட்டகை. பால் கறக்கும்போது பசுகிட்ட ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாங்க. அந்த முகம்தான் எனக்கு வேணும்.

அப்ப என்கிட்ட சட்டைப் பையில் வைக்கிற சின்ன கேமரா ஒண்ணு இருந்தது. ஒரு சாயங்காலம் கொட்டகைக்குள்ள போய் அமுக்கினேன். வெளிச்சம் பத்தாதுன்னு அதுவே ஃபிளாஷ் அடிச்சுது. பசு மிரண்டு உதைச்ச உதையில் மூணு லிட்டர் பால் தரையில். "அந்த மின்னல் பொட்டியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீன்னா பாரு"ன்னு அம்மா தடை உத்தரவு போட்டாங்க. ஃபிளாஷை அணைச்சுட்டு எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஆடிப்போய், புள்ளி புள்ளியா, மழையில நனைஞ்ச சுவரொட்டி மாதிரி வந்தது.

ஆக என் தேவை இதுதான்: சாயங்காலம், ஒரே ஒரு பல்பு, ஆடிக்கிட்டே இருக்கிற மாடும் மனுஷியும், ஃபிளாஷ் கூடாது. மஞ்சள் நல்ல விலைக்குப் போன வருஷம். அதில் முப்பதாயிரம் தனியா எடுத்து வச்சேன். "ஏனுங்க, இது சோறு போடுமா?"ன்னு வீட்டுக்காரம்மா ஒரே ஒரு தடவை கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடை. உள்ளே போனதும் கழுத்துப்பட்டை கட்டின தம்பி கேட்ட முதல் கேள்வி, "சார், எத்தனை மெகாபிக்சல் பார்க்கறீங்க?" ரெண்டாவது கேள்வி, "கேஷா, இஎம்ஐயா?" என்ன எடுக்கப் போறீங்கன்னு கடைசி வரைக்கும் கேட்கலை. முப்பதுன்னு சொன்னவனை நாற்பத்தி ரெண்டுக்குக் கொண்டுபோயிட்டார். ரெண்டு லென்ஸ், பை இலவசம், ஸ்டாண்ட் இலவசம், கார்டு இலவசம். யோசிச்சுச் சொல்றேன்னு வெளியே வந்துட்டேன்.

இந்த மெகாபிக்சல் கதையைக் கொஞ்சம் பார்த்துடுவோம். கேமராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்குற தகட்டுக்கு சென்சார்னு பேரு. அதுதான் வயல். மெகாபிக்சல்ங்கிறது அதில் நடுற நாத்து. சட்டைப்பை கேமராவின் சென்சார் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. கேனானின் ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆரில் அது சுமார் 22-க்கு 15. நிக்கானில் இன்னும் கொஞ்சம் பெரிசு. பரப்பளவு போட்டுப் பார்த்தா பத்துப் பன்னிரண்டு மடங்கு வரும். ஒரு சென்ட்டுக்குள்ள திணிச்ச அதே நாத்தைப் பன்னிரண்டு சென்ட்டில் தாராளமா நட்டா தூர் எப்படிக் கட்டும்? அதுதான் டிஎஸ்எல்ஆர் படத்துக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம். வயலோட அளவு மாறாம நாத்தை மட்டும் கூட்டிக்கிட்டே போனா வெள்ளாமை அதே கணக்குல கூடாதுங்க.

எத்தனை வேணும்? சாதாரண கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பார்க்க 2 மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்ட 12-க்கு 8 அங்குலத்தில் அச்சடிக்கணுமா, 10 இருந்தா அச்சு சுத்தமா வரும். கொஞ்ச வருஷம் முன்னாடி கடையில் இருந்த குறைந்த விலை மாடல்கள்னா கேனான் 1100டி, நிக்கான் டி3100 மாதிரிதான். முன்னதில் 12.2, பின்னதில் 14.2. இந்த ரெண்டு எண்ணையும் வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் கெடுறவங்களை நான் பார்த்திருக்கேன். படத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னா அவங்களாலேயே முடியாது.

அப்ப எதைத்தான் பார்க்கணும்? எங்க டவுனில் பிலிம் காலத்திலிருந்து கல்யாணம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கொட்டகைக் கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "பாடி இன்னைக்கு வரும், நாளைக்குப் பழசாயிடும். காசைக் கண்ணாடியில போடுங்க." கண்ணாடின்னா லென்ஸ்.

எனக்கு அது சட்டுனு புரிஞ்சதுக்குக் காரணம் டிராக்டர்தான். எவ்வளவு ஹெச்பி டிராக்டரா இருந்தாலும் மண்ணைத் தொடுறது பின்னாடி மாட்டுற கலப்பை. கரம்பைக்கு ஒன்பது கொத்து, சேத்துக்குக் கேஜ் வீலும் ரோட்டவேட்டரும்னு வேலைக்குத் தகுந்த மாதிரி மாத்தி மாட்டுறோம். டிஎஸ்எல்ஆரின் பெருமையே லென்ஸைக் கழட்டி மாட்டலாங்கிறதுதான். அதை வாங்கிட்டு, கூட வந்த ஒரே லென்ஸோட அஞ்சு வருஷம் ஓட்டுறது, ஐம்பது ஹெச்பி வண்டியில் கூடமாட வந்த ஒரே கலப்பையை வச்சு நெல்லும் மஞ்சளும் கரும்பும் உழுகிற மாதிரி.

கூட வர்ற அந்த லென்ஸ் 18-55. மோசமில்லை. பகலில் வயல், வாய்க்கால், கோயில், கூட்டம் எல்லாத்துக்கும் போதும். அதன் மேல 3.5-5.6-ன்னு ஒரு எண் போட்டிருக்கும். அது மடையோட அளவு. எண் சின்னதா இருந்தா மடை பெரிசு. வயல் நிறையணும்னா ஒண்ணு மடையைப் பெரிசாத் திறக்கணும், இல்லைன்னா ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். கேமராவில் ரொம்ப நேரம் திறந்து வச்சா, அதுக்குள்ள மாடு தலையை ஆட்டிடும். படம் போச்சு. 50 எம்எம் 1.8-ன்னு ஒரு லென்ஸ் இருக்கு. 5.6 மடையில் வர்ற வெளிச்சத்தைப் போல 1.8-ல் ஒன்பது மடங்குக்கும் மேல வரும். அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைக்க வேண்டிய இடத்தில் இங்கே நூறில் ஒரு பங்கு கிட்ட போதும். கொட்டகைக்கு அதுதான் கலப்பை.

கேனானில் இந்த 50 எம்எம் 1.8 ரெண்டாம் பதிப்பு 1990-ல் வந்தது. முழுக்க பிளாஸ்டிக், கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும், ஃபோகஸ் ஆகும்போது கரகரன்னு சத்தம் வேற. ஆனா அது விற்பனையில் இருந்தப்ப கேனானில் அதை விட மலிவான லென்ஸ் பார்க்கிறது கஷ்டமா இருந்தது.

நிக்கான் வாங்குறவங்க இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். டி3000, டி3100, டி5100 மாதிரி ஆரம்ப நிலை பாடிகளுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை கம்மின்னு பழைய 50 எம்எம் 1.8டி-யை வாங்கி மாட்டினா, பி.டி.ஓ. இல்லாத வண்டியில் ரோட்டவேட்டர் மாட்டின கதைதான். கையால திருகித்தான் ஃபோகஸ் பண்ணணும். ஏஎஃப்-எஸ்னு போட்ட லென்ஸ்தான் அதுக்குச் சரி. 2009-ல் வந்த 35 எம்எம் 1.8ஜி இருக்கு. கேனானின் 50-ஐ விட விலை கூட, ஆனா வீட்டுக்குள்ள எடுக்க அதுதான் வசதி. 50-ஐ மாட்டினா சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும்.

இப்போ கணக்கு. முப்பதாயிரத்தில் புது பாடியும் வாங்கி, இந்த லென்ஸும் வாங்கினா பட்ஜெட் தாண்டும். அதனால நான் பாடியைப் பழசா வாங்கினேன், லென்ஸைப் புதுசா வாங்கினேன். கோவையில் ஒரு தம்பி கேனான் 1000டி வச்சிருந்தான். 2008-ல் வந்த மாடல், 10.1 மெகாபிக்சல், வீடியோ கிடையாது, ஐஎஸ்ஓ 1600-தான் உச்சம். ரெண்டு வருஷத்தில் பாதி நாள் அலமாரியிலேயே இருந்திருக்கு. அடுத்த மாடலுக்கு மாறணும்னு விக்கிறான். 18-55 லென்ஸோட 14,000 ரூபாய். புது 50 எம்எம் 6,800. கார்டு, காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் எல்லாம் சேர்த்து 1,200. மொத்தம் 22,000.

பழசு வாங்குறதும் மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிறதும் ஒண்ணுதான். பல்லைப் பிடிச்சுப் பார்க்காம முன்பணம் கொடுக்கக் கூடாது. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாத் தெரிஞ்சா அது பூஞ்சை, எழுந்து வந்துடுங்க. மடையைச் சின்னதாக்கி, அதாவது 16-ல் வச்சு, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிசு பண்ணிப் பாருங்க, சென்சாரில் இருக்கிற தூசி தெரியும். மூடியைப் போட்டுட்டு ஒரு படம் எடுங்க, கறுப்பில் கலர் புள்ளி மினுக்கினா கேளுங்க. எத்தனை படம் எடுத்த கேமராங்கிறதும் முக்கியம். டி3100-ன் ஷட்டரை 1,00,000 தடவை சோதிச்சதா நிக்கான் சொல்லுது. நிக்கானில் அந்த எண்ணிக்கை படக் கோப்பிலேயே பதிஞ்சிருக்கும், கேனானுக்குத் தனி மென்பொருள் வேணும். ஒரிஜினல் பில், சார்ஜர், பேட்டரி மூணையும் கேட்டு வாங்குங்க.

சரி, தெரியாத ஆள்கிட்ட பழசு வாங்கப் பயமா இருக்குன்னு சொன்னா அதுவும் நியாயம்தான். அப்ப இருக்கிறதிலேயே மலிவான புது பாடியை 18-55-ஓட வாங்குங்க. கேனானா இருந்தா லென்ஸ் மேல ஐஎஸ்னு எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. 1100டி-யோட ஐஎஸ் இல்லாத லென்ஸையும் சேர்த்து வித்தாங்க. ஐஎஸ் உங்க கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், மாட்டோட தலையாட்டலை இல்லை. ஆறு மாசம் அதிலேயே எடுங்க. எது குறையுதுன்னு படமே சொல்லும். அதுக்கப்புறம் அடுத்த லென்ஸுக்குக் காசு சேருங்க.

மயில், குருவி எடுக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு இந்த 50 ஒத்து வராது. கேனானில் 55-250 மாதிரி ஒண்ணு வேணும். எங்க காட்டில் கடலை விதைச்சா மயில் தானே வந்து முன்னாடி நிக்கும், அது வேற விஷயம். நான் சொல்றது எல்லாரும் 50 வாங்குங்கன்னு இல்லைங்க. எதை எடுக்கப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அதுக்கான லென்ஸ் எதுன்னு பாருங்க, மிச்சக் காசில் வர்ற பாடியை வாங்குங்க. கடையில் இந்த வரிசையைத் தலைகீழாச் சொல்வாங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. அழகான தோல் பையில் போட்டு பீரோவுக்குள்ள பூட்டி வைக்காதீங்க. ஐப்பசி மழையில் பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். காத்துப் புகாத டப்பாவில் நீலக்கலர் சிலிக்கா ஜெல்லோட வைங்க. அது ரோஸ் கலரானா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம். சமைக்காத ஒரு பழைய சட்டியில் போட்டு லேசாச் சூடு பண்ணினா மறுபடி நீலமாகும்.

கொட்டகைக்கு வர்றேன். கேமரா வந்த பிறகும் தடை உத்தரவு நீங்கலை. ஒரு வாரம் சும்மா கழுத்தில் மாட்டிக்கிட்டுப் போய் தவிட்டு மூட்டை மேல உட்கார்ந்திருந்தேன். பசுவும் பழகிக்கிச்சு, அம்மாவும் பழகிக்கிட்டாங்க. முதல் நாள் மடையை முழுசாத் திறந்து 1.8-ல் எடுத்ததில் ஒரு கண் தெளிவு, காது புகை. அப்புறம் 2.8-க்கு வந்தேன், ஐஎஸ்ஓ 800. எட்டாவது நாள் அம்மா பசுவோட விலாவில் நெத்தியைச் சாய்ச்சு, ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே பீச்சிக்கிட்டு இருந்தாங்க. வாசல் பக்கமிருந்து மிச்ச வெளிச்சம் கன்னத்தில். அமுக்கினேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாங்க, திட்டலை.

12-க்கு 8 அச்சடிச்சுக் கொண்டுவந்து கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "மூஞ்சியெல்லாம் சுருக்கமா இருக்குது"ன்னாங்க. அப்புறம், "இருந்துட்டுப் போகட்டும். நானாத்தான் இருக்கறேன்"ன்னு சொல்லிட்டு முந்தானையில் துடைச்சு அலமாரியில் வச்சாங்க. அய்யன் படத்துப் பக்கத்தில் மாட்டலாமான்னு கேட்டதுக்கு மட்டும், "இப்ப வேண்டாம், அதுக்கு இன்னும் நாள் இருக்குது"ன்னாங்க.

மிச்சம் இருந்த எட்டாயிரம் என்னாச்சுன்னு கேப்பீங்க. அடுத்த மாசமே கிணத்து மோட்டார் காயில் கருகிப் போச்சு. அதில் ஆறாயிரம் போனது. நாற்பத்தி ரெண்டாயிரத்துக்கு இஎம்ஐ போட்டிருந்தா, அந்த மாசம் மஞ்சள் காஞ்சிருக்கும். அதுக்கப்புறம் வீட்டுக்காரம்மாவும் அந்தக் கேள்வியைக் கேட்கலை.

இதையெல்லாம் சித்தப்பா பையனுக்குச் சொல்லி முடிக்கும்போது பாத்தி நிறைஞ்சு வரப்பு உடையப் பார்த்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"அண்ணா, யோசிச்சேன். எங்க பாப்பாவைத்தான் எடுக்கணும். இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கா. நான் வீடு வந்து சேர்றதே ராத்திரிதான். சின்ன வீடு, டியூப் லைட் வெளிச்சம்."

"அப்ப உனக்குப் பழைய டி3100 பாடி ஒண்ணு, புது 35 எம்எம் 1.8ஜி ஒண்ணு. மெகாபிக்சல் கேட்காத. மிச்சம் பிடிக்கிற காசைப் பத்திரமா வை."

"மயில் எடுக்க முடியாதாண்ணா இதுல?"

"மயில் எங்கேயும் போகாது. பாப்பா அடுத்த வருஷம் இதே மாதிரி நடக்க மாட்டா. முதல்ல அவளை எடு."

பொங்கலுக்குக் கேமராவோட வர்றேன்னு சொல்லியிருக்கான். ஃபிளாஷை அணைக்கத் தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு சொல்லி வச்சிருக்கேன்.